திறந்திருந்த கதவு எது?



மதுக்கூடங்களின் வரலாறு திருச்சபையாருக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கக்கூடும். பொறுமையாய் வாசியுங்கள், அந்த வரலாறு நம்மையே விசாரிக்கிறது.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உருக்காலைகளும் தானியக் கிடங்குகளும் நிறைந்த பஃபலோ நகரில் 1950-இல் சுமார் 5,80,000 பேர் வாழ்ந்தனர். 1930-கள் முதல் 1960-கள் வரை, பெண்களை நேசித்த உழைக்கும் பெண்கள் அந்நகரின் சில மதுக்கூடங்களில் கூடிவந்தனர். எலிசபெத் கென்னடியும் மேடலின் டேவிஸும் 45 பெண்களின் வாய்மொழி நினைவுகளைத் திரட்டி, 1993-இல் அவ்வரலாற்றை நூலாக்கினர்.

அப்பெண்கள் வீட்டில் மறைந்து வாழ்ந்தனர்; வேலை பறிபோகுமென்று பணியிடத்திலும் மறைந்து வாழ்ந்தனர். பஃபலோவில் ஆலயங்களுக்குக் குறைவில்லை. ஆயினும் ஒளிவின்றி அமர ஓர் இருக்கையை அவர்கள் மதுக்கூடத்திலேதான் கண்டடைந்தனர்.

அது பரதீசு என்று நான் சொல்லவில்லை. குடியின் கேடு அங்கும் இருந்தது, கைகலப்பும் இருந்தது. 1940-களில் கறுப்பினப் பெண்களுக்கு அங்கே வரவேற்பு இல்லாததால், அவர்கள் தங்கள் இல்லங்களில் கூடினர். ஒதுக்கப்பட்டவர்களும் பிறரை ஒதுக்குவதுண்டு என்பதற்கு இதுவே சாட்சி. 1960-களில் அரசின் நடவடிக்கையால் பல கூடங்கள் மூடப்பட்டன. இருப்பினும் அங்கே முளைத்த தோழமை மாளவில்லை. 1970-களின் உரிமை இயக்கத்துக்கு அக்கூடங்களே விளைநிலம் என்று அந்நூல் வாதிடுகிறது. மேடலின் டேவிஸ் 1972-இல் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாட்டு மேடையிலே தம்மை மறைக்காமல் பேசினார்.

"பாவத்தை ஆதரிக்கிறீரா, ஐயரே?" என்று சிலர் சினப்பீர்கள். உங்களை நான் திருப்பிக் கேட்கிறேன்: சமாரியப் பெண் ஊரார் கண்ணுக்கு விலகி உச்சி வேளையில் கிணற்றுக்கு வந்தபோது, ஆண்டவர் அவளைத் துரத்தினாரா, அல்லது அவளிடம் தண்ணீர் கேட்டு உரையாடினாரா? தீர்ப்புச் சொல்ல விரையும் நாம், காயப்பட்டவர் அருகே ஒரு மணி நேரம் அமர்ந்ததுண்டா? "அவர்கள் ஏன் அங்கே போனார்கள்?" என்று கேட்பது எளிது. "ஏன் நம்மிடம் வரவில்லை?" என்று கேட்கவே நாம் அஞ்சுகிறோம்.

நம் சபையிலும் வாயிற்படி வரை வந்து திரும்பிப்போகிற ஒருவர் இருக்கலாம். நம் சொந்த மகளாகவும் இருக்கலாம். வருகிற ஞாயிறன்று அவருக்கு உங்கள் அருகில் இடமளியுங்கள். அவர் பேசும்வரை நீங்கள் பேசாதிருங்கள்.

கதவைத் திறக்கும் கிருபையை ஆண்டவர் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.