எட்டைக் கண்டு ஏன் அஞ்ச வேண்டும்?

நம்மில் பலர் வாய்விட்டுச் சொல்லவே தயங்கும் ஓர் எண்ணைப் பற்றி இம்முறை பேசுவோம். அதுதான் எட்டு.

"எட்டாம் நம்பர் வீடா? வேண்டவே வேண்டாம்!" "பிள்ளை 17-ஆம் தேதி பிறந்தது. ஒன்றும் ஏழும் எட்டு, சனியின் எண்." இப்படிப் பெரியவர்கள் பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். பிள்ளையின் மனத்திலோ அது ஆணி அடித்தாற்போல் பதிந்துவிடுகிறது. சோதனையில் புள்ளி குறைந்ததற்கு, "நான் பிறந்த தேதி அப்படி, சார்" என்று சொன்ன மாணவியை நான் வகுப்பில் கண்டிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏப்ரல் 17 என்பது ஆங்கிலத் தேதி. சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14-இல் வந்தால், அன்று தமிழ்த் தேதி சித்திரை 4. சனி பகவான் எந்த நாட்காட்டியைப் பார்ப்பார்?

நம் அண்டை வீட்டுச் சீனர்களைக் கேளுங்கள். கன்டனீஸ் மொழியில் எட்டு என்னும் சொல், செல்வம் பெருகுதலைக் குறிக்கும் சொல்லைப் போல ஒலிக்கிறது. அதனால் காடி நம்பரில் எட்டு வேண்டுமென்று பணத்தைக் கொட்டிக் கொடுப்பவர்கள் உண்டு. பெய்ஜிங் ஒலிம்பிக் போட்டி 2008-ஆம் ஆண்டு, எட்டாம் மாதம், எட்டாம் தேதி, இரவு 8 மணிக்குத் தொடங்கியது. ஒரே எண் வேலிக்கு இந்தப் பக்கம் சனியாகவும், அந்தப் பக்கம் இலட்சுமியாகவும் இருக்க முடியுமா?

நம் முன்னோர் எட்டை ஒதுக்கவில்லை. தமிழில் 'எண்' என்றாலே எட்டு என்றும் பொருள் உண்டு. எண்திசை என்கிறோம். சங்க நூல்களில் ஒரு தொகுதி எட்டுத்தொகை. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். கண்ணன் பிறந்தது அஷ்டமியில், அதுவும் எட்டாவது பிள்ளையாக!

கணக்கிலும் எட்டு ஓர் அழகிய எண். ஒற்றைப்படை எண் ஒன்றை அதனாலேயே பெருக்கி, ஒன்றைக் கழியுங்கள். மூன்றுக்கு 8, ஐந்துக்கு 24, ஏழுக்கு 48, ஒன்பதுக்கு 80. எல்லாம் எட்டால் மீதியின்றி வகுபடும். இன்னொன்று: 8 என்பது 2-இன் கனம், 9 என்பது 3-இன் வர்க்கம். ஒன்றுக்கு மேற்பட்ட எண்களில் இப்படி வர்க்கம், கனம் போன்ற இரண்டு அடுத்தடுத்து நிற்பது இங்கே மட்டும்தான். 1844-இல் கத்தலான் என்பவர் ஊகித்த இதனை, 2002-இல்தான் மிஹைலெஸ்கு என்ற ருமேனியர் நிறுவினார்.

தோட்டத்து மக்களுக்கு எட்டின்மேல் இன்னொரு கடனும் உண்டு. எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு, எட்டு மணி நேரம் நமக்கு என்று உலகத் தொழிலாளர்கள் போராடினார்கள். 1886-இல் சிக்காகோவில் அதற்காக இரத்தம் சிந்தினார்கள். மே தினம் பிறந்த கதை அதுதான். நம் நாட்டின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டமும் அந்த எட்டு மணியையே ஒரு நாள் வேலைக்கு அளவாக வைத்தது. நமக்கு ஓய்வைத் தந்த எண்ணையா பழிப்பது?

பெற்றோர்களே, தாய்மார்களே! 8, 17, 26 ஆகிய தேதிகளில் பிறந்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இன்றே அருகில் அழைத்து, மேலே உள்ள கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தன் எண் எவ்வளவு அழகானது என்று அந்தப் பிள்ளை தெரிந்துகொள்ளட்டும். புள்ளி குறைந்தால் அதற்கு மருந்து, தேதியை மாற்றுவதன்று. இரவு ஒரு மணி நேரம் கூடப் படிப்பதுதான்.