குங்குமப்பூவும் ஒரு கறுப்புக் குடையும்

மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி ஒரு வீட்டில் பரவியதும், டாக்டரையும் முந்திக்கொண்டு வந்து சேருவது குங்குமப்பூ டப்பாதான். பாலில் போட்டுக் குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்று நம் பாட்டிமார் சொன்னார்கள், நாமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கறுப்பாய்ப் பிறந்த குழந்தையைப் பார்த்து, "பாதகமில்லை, போகப் போக நிறம் வந்துவிடும்" என்று ஆறுதல் சொல்லாத அத்தை எந்த வீட்டில் இல்லை? 1975-ல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற களிம்பு கடைக்கு வந்தது. நாற்பத்தைந்து வருஷம் கழித்து, 2020-ல், அதன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். அட்டையிலிருந்து எடுத்தாயிற்று, நம் மனத்திலிருந்து எடுத்தாயிற்றா என்பது வேறு விஷயம்.

இப்படி வெளுப்புக்குத் தவம் கிடக்கும் நம்மிடையே, உண்மையாகவே வெள்ளை வெளேரென்று ஒரு குழந்தை பிறந்துவிட்டால் என்ன நடக்கிறது? போன சித்திரையில் ஆம்பூரில் பார்த்தேன்.

என் சிநேகிதியின் தங்கை அங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். புருஷன் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை. அவளும் செருப்புக் கம்பெனியில் மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தவள்தான்; குழந்தை பிறந்த பிறகு நின்றுவிட்டாள். பகல் பதினொரு மணி. வேலூர்ச் சீமையை 'வெயிலூர்' என்று சும்மாவா சொல்கிறார்கள்? ஸ்டேஷனிலிருந்து அவள் வீடு போவதற்குள் என் தலை பொரிந்துவிட்டது. வீட்டிலோ ஜன்னல்களெல்லாம் சாத்திக் கிடந்தன. உள் அறையின் இருட்டில் ஆறு வயதுப் பெண் ஒன்று தரையில் உட்கார்ந்து, புத்தகத்தை மூக்கோடு ஒட்டிப் பிடித்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். முடி வெள்ளிக் கம்பி மாதிரி. இமை, புருவம் எல்லாம் வெண்மை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து என்னைப் பார்த்தாள். விழிகள் நிற்காமல் இப்படியும் அப்படியும் ஆடின.

"ஊரே சிவப்பாப் பொறக்கணும்னு வேண்டிக்குது அக்கா. எனக்குப் பொறந்ததை நான் கதவைச் சாத்தி வெச்சிருக்கேன்" என்றாள் தாய்.

திண்ணையிலிருந்து பாட்டியின் குரல் வந்தது: "நான்தான் பாவி. ரெண்டு வேளையும் குங்குமப்பூ போட்டுப் போட்டுக் குடுத்தேன். அதிகமாப் போயிடுச்சு போல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது.

கிரகணத்தில் வெளியே வந்ததால் என்றார்களாம் சிலர். குஷ்டத்தின் ஆரம்பம் என்றார்களாம் சிலர். வேலூருக்குப் பக்கத்துக் கரிகிரியில் 1955-லிருந்து தொழுநோய்க்கென்றே பெரிய ஆஸ்பத்திரியும் ஆராய்ச்சியும் நடந்து வருகின்றன. அந்த வட்டாரத்திலேயே இப்படிப் பேசுகிறார்கள் என்றால் மற்ற ஊர்களை என்ன சொல்ல? தொழுநோயின் தேமலில் உணர்ச்சி குறையும்; அது கிருமியால் வருவது; மருந்தால் தீருவது. இந்தக் குழந்தையின் நிறத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது தொற்றாது. பிறவியிலேயே வருவது. டாக்டர்கள் 'அல்பினிசம்' என்கிறார்கள். உலகத்தில் சுமார் 17,000 முதல் 20,000 பேரில் ஒருவருக்கு இருப்பதாகக் கணக்கு.

இதன் சூட்சுமத்தை எனக்கு எளிதாகப் புரிய வைத்தவர் அந்தக் குழந்தையின் தகப்பனார்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர் சொன்னார்: "கறுப்பு ஆடு, வெள்ளை ஆடு, எருமை எது வந்தாலும் சுண்ணாம்புல ஊறப் போட்டு முடியெடுத்துட்டா எல்லாத் தோலும் ஒரே வெள்ளைதான் அக்கா. கலரெல்லாம் மேலாப்பில இருக்கிறதுதான்."

எத்தனை சரியான பேச்சு! நம் தோலின் நிறமும் மேலே உள்ள மெல்லிய அடுக்கில் மட்டுமே இருக்கிறது; பெரும்பாலான இடங்களில் அது ஒரு காகிதக் கனம்தான். அந்த அடுக்கின் அடியில் 'மெலனின்' என்னும் சாயத்தை உண்டாக்கும் உயிரணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. கறுப்பானவருக்கும் சிவப்பானவருக்கும் அவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. அல்பினிசம் உள்ளவருக்கும் அவை இருக்கின்றன. சாயம் தயாராவதற்கு வேண்டிய ஏதோ ஒரு பொருள் பிறவியிலேயே குறைந்துவிடுகிறது. கடை இருக்கிறது, கடைக்காரர் இருக்கிறார், சரக்குதான் இல்லை! லண்டனில் ஆர்ச்சிபால்ட் காரட் என்ற டாக்டர் 1908-லேயே தம் பிரசங்கங்களில் இதைப் பிறவி இரசாயனக் குறைகளில் ஒன்றாக எடுத்துச் சொன்னார். கிரகணத்தையும் குங்குமப்பூவையும் அன்றே விடுதலை செய்திருக்கலாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்தப் பெண் கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமனை. திண்ணையில் உட்கார்ந்து அழுத பாட்டி அவளுக்கு மாமியார் மட்டுமல்ல, அம்மாவைப் பெற்ற அம்மா! இந்தக் குறை பெரும்பாலும் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பங்காக வந்து சேர்ந்தால்தான் வெளியே தெரியும். ஒரு பங்கு மட்டும் உள்ளவர் கறுகறுவென்ற முடியோடு, தமக்குள் அது இருப்பதே தெரியாமல், பேரன் பேத்தி எடுத்துவிடலாம். மாமனும் மருமகளும், அல்லது அத்தை பிள்ளையும் மாமன் மகளும் மணக்கும்போது, ஒரே வீட்டில் ஒளிந்திருந்த இரண்டு பங்குகள் சந்திக்க வாய்ப்பு அதிகம். அசலில் கட்டியவர்களுக்கு வராது என்பதில்லை, அபூர்வம், அவ்வளவே. இருவரிடமும் ஒரு பங்கு இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு சாத்தியம். 'ஒன்று பிறந்துவிட்டது, இனி மூன்றுக்குப் பயமில்லை' என்று கணக்குப் போட முடியாது.

"அப்போ இவளுக்குக் கலியாணம் பண்ணினா, இவ குழந்தைங்களும்…" என்று ஆரம்பித்துத் தாய் நிறுத்திக்கொண்டாள். ஆறு வயசுக்காரிக்கு இப்போதே அந்தக் கவலை! உறவில் இல்லாத, இந்தப் பங்கு இல்லாத ஒருவனை மணந்தால், பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைப் போலவே நிறத்தோடு பிறப்பார்கள். இதைக் கேட்டதும் அவள் முகம் தெளிந்ததைப் பார்க்கவேண்டுமே. ஆறு வருஷமாக ஒருவரும் அவளுக்கு இதைச் சொல்லவில்லை.

சரி, கதவை ஏன் சாத்தி வைத்தாள்? முந்தின வருஷம் வாணியம்பாடியில் ஒரு கலியாணம். பந்தலுக்கு வெளியே குழந்தைகளோடு இரண்டு மணி நேரம் விளையாடியிருக்கிறாள். அப்போது ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி முகம், கழுத்து, தோள் எல்லாம் தீயில் சுட்டதுபோல் சிவந்து, மறுநாள் கொப்புளம் கண்டுவிட்டது. பார்த்த உறவினர்கள் ஏதோ ஒட்டுவாரொட்டி என்று தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து குழந்தைக்கு இருட்டு அறை.

நமக்கெல்லாம் மெலனின் ஒரு குடை. அந்தக் குடை இல்லாதவளுக்கு வேறு குடை பிடிக்கவேண்டும், அவ்வளவுதான். அலட்சியமாய் விடக்கூடிய விஷயமும் அல்ல. வருஷக்கணக்கில் வெயில் பட்டால் இத்தகைய தோலில் புற்றுநோய் வரை போகும். சின்ன வயதிலேயே போகும். ஆகவே கூடாதது வெயில்தான்; வெளியுலகம் அல்ல.

வேலூர், ஆம்பூர்ப் பக்கத்தில் ஏப்ரல் மாதம் 24-ஆம் தேதி வாக்கில் நடுப்பகல் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வருகிறான். ஆகஸ்டு நடுவில் மறுபடியும். சூட்டைக் கொண்டு எடை போட்டால் ஏமாந்துபோவோம். சுடுவது ஒன்று, தோலை எரிப்பது ஒன்று. எரிக்கும் புற ஊதாக் கதிர் மேகத்தினூடேயும் வரும். தை மாதத்துக் குளிர்ந்த மத்தியானத்திலும் வரும். கைப்பேசியில் வானிலை பார்க்கும்போது 'யூ.வி.' என்று ஓர் எண் இருக்கும். 3 ஆனாலே பாதுகாப்பு வேண்டும், 11-க்கு மேல் மிகக் கடுமை. கோடையில் நம் பக்கத்து நடுப்பகல் அந்த 11-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். கைப்பேசி இல்லாவிட்டால் நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் நிழலுக்குள் போய்விட வேண்டும். சித்திரையில் காலை ஒன்பது மணிக்கு முன்னும், மாலை மூன்றேகாலுக்குப் பின்னும்தான் நிழல் நம்மைவிட நீளும்.

துணிதான் முதல் மருந்து. முழுக்கை, கழுத்து மூடிய சட்டை, நெருக்கமாய் நெய்தது. வெள்ளை மல் துணி குளிர்ச்சியாய் இருக்குமே என்று நாம் நினைப்போம். கதிரைத் தடுப்பதில் அடர்ந்த நிறமும் கெட்டி நெசவும்தான் கெட்டி. துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். மறுபுறம் ஜன்னல் தெரிந்தால், வெயிலுக்கும் உள்ளே வழி தெரியும். நனைந்த பருத்திச் சட்டை பாதியும் காக்காது. முன்னால் மட்டும் நாக்கு நீட்டிய குல்லாய் காதையும் பிடரியையும் விட்டுவிடும். சுற்றிலும் நாலு விரல் விளிம்பு உள்ள தொப்பி வேண்டும். கறுப்புக் குடை நல்லது. ஆனால் சிமெண்டுத் தரையிலிருந்தும் மணலிலிருந்தும் திரும்பி அடிக்கும் வெளிச்சத்தை அது தடுக்காது. துணி மூடாத முகம், காது, கழுத்து, புறங்கை, கால்மேல் ஆகியவற்றுக்குத்தான் வெயில் களிம்பு. எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாதது; கிளம்புவதற்குக் கால் மணி முன்னால் தாராளமாகப் பூசி, இரண்டு மணிக்கொரு தரம் மறுபடி பூசவேண்டும். பொட்டு வைப்பதுபோல் தொட்டுத் தடவினால் காசுக்குக் கேடு. தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் இந்த வேலைக்கு உதவா. பாட்டி மன்னிக்க வேண்டும்.

களிம்பு விலை கையைக் கடிக்கத்தான் செய்கிறது. ஆப்பிரிக்காவில் டான்சானியா நாட்டில், மோஷி நகரத்துத் தோல் மருத்துவ மையத்தில், அல்பினிசம் உள்ளவர்களுக்கென்றே 'கிலிசன்' என்ற களிம்பைத் தயார் செய்து கொடுக்கிறார்கள். அங்கே இவர்கள் பட்ட கொடுமைகள் கொஞ்சமல்ல. ஐக்கிய நாடுகள் சபை ஜூன் 13-ஐ இவர்களுக்கான நாளாக வைத்து, 2015-லிருந்து அது கொண்டாடப்படுகிறது. நம் மாநிலத்திலும் அப்படி ஒரு களிம்பைச் செய்தால் என்ன என்று எனக்கு ஓர் ஆசை.

தோலைப் பற்றியே பேசிக் கண்ணை மறந்துவிடுகிறோம். விழி வளரும்போதே அந்தச் சாயம் தேவைப்படுகிறது; அது இல்லாததால் கூர்மையான பார்வை முழுதாக அமைவதில்லை. கண்ணாடி போட்டால் ஓரளவு தெளியும், முற்றும் தெளியாது. வெளிச்சம் கூசும், அதற்குக் கறுப்புக் கண்ணாடி. இந்தக் குழந்தை தலையைச் சாய்க்கும்போதெல்லாம் "நேராப் பாருடி" என்று தாய் தாடையைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். வேண்டாம் என்று தடுத்தேன். எந்தக் கோணத்தில் விழியின் ஆட்டம் அடங்குகிறதோ அந்தக் கோணத்தைக் குழந்தை தானே கண்டுபிடித்து வைத்துக்கொள்கிறது. அது சேஷ்டை அல்ல, சாமர்த்தியம். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1902-ல் தொடங்கிய ஷெல் ஆஸ்பத்திரி பிற்காலத்தில் கண் ஆஸ்பத்திரியாகவே பேர் வாங்கியது. கண்ணுக்கும் தோலுக்கும் டாக்டர் இருக்கும் ஊர் கூப்பிடு தூரத்தில் இருக்க, ஆறு வருஷம் போய்விட்டதே என்றுதான் எனக்கு ஆற்றாமை. மூன்று நாலு வாரத்தில் ஆறாத புண் தோலில் எங்கே கண்டாலும் காட்டவேண்டும். சில வகைகளில் இரத்தம் லேசில் நிற்காது. பல் பிடுங்குமுன் டாக்டரிடம் சொல்லிவைப்பது நல்லது.

பள்ளிக்கூடத்தில் சேர்த்து மூன்றே மாதத்தில் நிறுத்தியிருந்தார்கள். "போர்டைப் பார்த்து எழுதுவதில்லை, கவனமில்லை" என்பது டீச்சரின் புகார். வெயிலில் பிரார்த்தனை, வெயிலில் டிரில். அடுத்த வாரமே தாயும் நானும் போனோம். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். தலைமையாசிரியை முதலில், "சீருடையோடு தொப்பி போட விதி இல்லையே" என்றார். மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் வருஷச் சட்டத்தில் பார்வைக் குறைவும் சேர்ந்திருக்கிறது என்றேன். அது அவரை அசைத்ததாகத் தெரியவில்லை. உள் அறையில் சாத்திய கதவைப் பற்றித் தாய் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் மேஜையையே பார்த்திருந்துவிட்டு, "முதல் பெஞ்ச், ஜன்னலுக்கு முதுகு காட்டி. பிரார்த்தனைக்கு வராந்தாவில் நிற்கட்டும். தொப்பி நீல நிறத்தில் இருந்தால் சரி" என்றார். ஜூன் மாதம் சேர்த்துக்கொள்வதாகவும் எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது வாசலில் ஒரு வேடிக்கை. நிழல் கணக்கை நான் சொன்னது எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது, ஒருத்தியைத் தவிர. நிலைப்படிக்கு உள்பக்கமாக நின்றுகொண்டு, பாட்டியின் ஊன்றுகோலை வெயிலில் நிறுத்தச் சொல்லி, தலையைச் சாய்த்து அதன் நிழலை அளந்துகொண்டிருந்தாள். கையில் தாத்தாவின் பழைய கறுப்புக் குடை, அவள் உயரத்துக்குச் சமமாக.

"பெரியம்மா, கோலைவிட நிழல் பெரிசாயிடுச்சு. இப்போ போலாமா?"

பாட்டிதான் முதலில் எழுந்து செருப்பைத் தேடினாள்.