‘எடிட்டிங்தானே’ எண்டுபோட்டுப் போறது அறிவில்லை

நான்கு சரிவுப் பாதைகள் நடுவில் வந்து சேர்கின்றன. நடுத்தூண்தான் எல்லாவற்றிலும் உயரம் போலத் தெரிகிறது. பாதையின் கீழ் முனையில் ஒரு சின்ன மரக்குண்டை வைத்தால் அது உருண்டு மேலே ஏறுகிறது. ஜப்பானியக் கணிதவியலாளர் கோகிச்சி சுகிஹாரா செய்த இந்த வீடியோ, 2010இல் ஆண்டின் சிறந்த மாயத்தோற்றத்துக்கான போட்டியில் முதற்பரிசு பெற்றது. இப்ப இதை யாருக்குக் காட்டினாலும் வாற பதில் ஒண்டுதான்: “எடிட்டிங்.” கொஞ்சம் புதுசாச் சொல்லுறவை “ஏஐ” எண்டுவினம். இரண்டு செக்கனில் தீர்ப்பு, பிறகு அடுத்த வீடியோ.

எங்களுக்குச் சண்டை இந்தத் தீர்ப்போடுதான்.

முதலில், அது பிழை. அங்கே எடிட்டிங்கும் இல்லை, காந்தமும் இல்லை. அதே பொருளை வேறு பக்கத்தால் காட்டும்போது குட்டு உடைகிறது: நடுப்பகுதிதான் உண்மையில் பள்ளம். குண்டுகள் ஒழுங்காகக் கீழ்நோக்கித்தான் உருளுகின்றன. தூண்கள் நிமிர்ந்து நிற்கவில்லை, சாய்ந்து நிற்கின்றன. ஒரு தட்டையான படத்துக்குப் பின்னால் எண்ணற்ற வடிவங்கள் இருக்கலாம். ஆனால் தூண் எண்டால் நேராகத்தான் நிக்கும், மூலை எண்டால் செங்கோணம்தான் எண்டு எங்கட மூளை முடிவெடுத்துவிடுகிறது. ஏமாத்தினது கணினி இல்லை, எங்கட பழக்கம். “எடிட்டிங்” எண்டு சொன்னவருக்கு இது கடைசிவரை தெரியாது.

கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு ஒண்டும் தேவையில்லை. கமரா எங்க நிக்குது? ஏன் அசையாமல் நிக்குது? நிழல் எந்தப் பக்கம் விழுகுது? பொருள் நிலத்தைத் தொடுற இடம் ஏன் மறைஞ்சிருக்கு? ஓகே கோ இசைக்குழுவின் ‘த ரைட்டிங்ஸ் ஒன் த வோல்’ (2014) வீடியோவில் இந்தக் கேள்விகளோடு கமராவைப் பின்தொடருங்கோ. அது வந்து சேரும் ஒவ்வொரு புள்ளியிலும் சிதறிக் கிடந்த பொருட்கள் ஒரு உருவமாகச் சேரும், தாண்டினால் திரும்பவும் சிதறும். ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ முதற்படத்தில் கன்டால்ஃபும் ஃபுரோடோவும் ஒரே மேசையில் இருக்கும் காட்சியும் இப்படித்தான். ஒருவர் கமராவுக்குக் கிட்ட, மற்றவர் தள்ளி. மேசையே இரண்டு துண்டு. கமரா அசைந்தால் மாயம் கலையுமே எண்டு, கமராவோடு சேர்த்து அரங்கின் ஒரு பகுதியையும் நகர்த்தினார்கள். இதைத் தெரிந்துகொண்டால் ரசனை கெட்டுப்போகும் எண்டு சிலர் சொல்லுவினம். எங்களுக்கு அந்தக் காட்சி முந்தியைவிட இப்பதான் கூடப் பிடிக்குது.

“இப்ப உண்மையிலேயே ஏஐ வீடியோக்கள் நிறைஞ்சு கிடக்கே, சந்தேகப்படுறது பிழையா?” பிழையில்லை. ஆனால் சந்தேகம் ஒரு தொடக்கம். “போலி” எண்டு சொல்லுறதும் ஒரு குற்றச்சாட்டுத்தான், அதுக்கும் ஆதாரம் வேணும்.

இது விளையாட்டு வீடியோக்களோடு நிக்கிற விசயமும் இல்லை. கைகள் கட்டப்பட்டவர்கள் சுட்டுக்கொல்லப்படுவதைக் காட்டும் வீடியோவை 2009 ஆகஸ்டில் சனல் 4 ஒளிபரப்பியபோது, இலங்கை அரசாங்கம் அதைப் போலி எண்டது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன் அதைத் தடயவியல் மருத்துவம், வீடியோ, துப்பாக்கி ஆகிய துறைகளின் மூன்று நிபுணர்களிடம் கொடுத்தார். அது உண்மையானதாகவே தெரிகிறது என்ற முடிவு 2010 ஜனவரியில் வெளியானது. விளங்காத சில விசயங்கள் மிச்சம் இருப்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். “போலி” எண்டு சொல்ல ஒரு வசனம் போதும். இல்லை எண்டு காட்ட மாதக்கணக்கு எடுத்தது.

அந்த ஒற்றைச் சொல்லின் பலன் யாருக்குப் போகும் எண்டு இந்த நாட்டில் எங்களுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. எல்லாத்தையும் நம்புற சனத்தை ஆளுறது லேசு. எதையுமே நம்பாத சனத்தை ஆளுறது அதைவிட லேசு.

ஆகவே அடுத்த முறை ஒரு வீடியோ உங்களைத் திகைக்க வைத்தால் நிப்பாட்டுங்கோ. பின்னுக்கு இழுத்துத் திரும்பப் பாருங்கோ. கமரா எங்க நிக்குது எண்டு கேளுங்கோ. விடை பிடிபடாட்டி “தெரியேல்லை” எண்டு எழுதுங்கோ. “எடிட்டிங்” எண்டு மட்டும் எழுதாதேங்கோ.