கித்தார்க் கம்பியில் பின்னம் கற்போம்



நம் நாட்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. எனினும், கணிதத்திற்கு நேரம் போதவில்லை என்றால் இன்றும் பல இடங்களில் முதலில் பறிபோவது இசைக்கல்விப் பாடவேளைதான். இசை வேறு, கணிதம் வேறு என்னும் எண்ணமே இதற்குக் காரணம். அவ்வெண்ணம் பிழையானது என்பதைக் காட்ட ஒரு கித்தார் போதும்.

கித்தாரில் 'ஹார்மோனிக்ஸ்' என்றொரு வாசிப்பு முறை உண்டு. தமிழில் மேற்சுரம் எனலாம். கம்பியை அழுத்தாமல், ஃபிரெட் எனப்படும் மெட்டுக்கு நேர் மேலே விரல்நுனியால் மெல்லத் தொட்டு, மீட்டியவுடன் விரலை எடுத்துவிட வேண்டும். மணியோசை போன்ற தெளிந்த ஒலி பிறக்கும்.

இஃது எல்லா இடத்திலும் நன்கு ஒலிப்பதில்லை. 12ஆம் மெட்டு கம்பியின் சரிபாதி. 7ஆம் மெட்டு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 5ஆம் மெட்டு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. ஐந்தாம் கம்பியின் அதிர்வெண் 110 ஹெர்ட்ஸ். மேற்கண்ட இடங்களில் தொட்டால் முறையே 220, 330, 440 ஹெர்ட்ஸ் ஒலிக்கும். அதாவது இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கு. மீட்டிய கம்பி ஒரே நேரத்தில் முழுமையாகவும் சமபாகங்களாகவும் அதிர்கிறது. விரல் பட்ட இடத்தில் அசைவற்ற கணுவை உடைய அதிர்வுகள் மட்டும் எஞ்சுகின்றன; மற்றவை அடங்கிவிடுகின்றன. திறந்த கம்பியைக் குரலாகக் கொண்டால், மும்மடங்கில் ஒலிப்பது மேல் இளி. பழந்தமிழர் பெயரிட்ட சுரங்களையும் அங்கேயே அறிமுகப்படுத்தலாம்.

நான்கு மூன்றைவிடப் பெரியது. ஆகவே நான்கில் ஒன்று மூன்றில் ஒன்றைவிடப் பெரியது என எத்தனை மாணவர்கள் எழுதுகிறார்கள்! பயிற்றியில் பத்துப் பக்கம் செய்தும் இக்குழப்பம் தீர்வதில்லை. 65 சென்டிமீட்டர் கம்பியை அளவுநாடாவால் அளக்கச் சொல்லுங்கள். மூன்றில் ஒரு பங்கு 21.7 சென்டிமீட்டர்; நான்கில் ஒரு பங்கு 16.25 சென்டிமீட்டர். பகுதி எண் பெருகப் பெருகத் துண்டு சிறுக்கிறது, ஒலி உயர்கிறது. கண் கண்டதைக் காதும் உறுதிசெய்யும்போது பின்னம் மாணவர் மனத்தில் பதியும்.

'கித்தார் வாசிக்கத் தெரியாதே' எனச் சில ஆசிரியர்கள் தயங்கலாம். இதற்குப் பாட்டு வாசிக்க வேண்டியதில்லை. மூன்று இடங்களைத் தொடத் தெரிந்தால் போதும். வகுப்பிற்கு ஒரு கித்தாரே மிகுதி. அதுவும் இரவல் கித்தாராக இருக்கலாம்.

பெற்றோர்களே, பிள்ளை கித்தாரை எடுத்தால் 'படிக்கிற நேரத்தில் இது எதற்கு?' எனக் கடியாதீர்கள். தலைமையாசிரியர்களே, இசைக்கல்விப் பாடவேளையைக் கணிதத்திற்குத் தாரைவார்க்காதீர்கள். அந்த அரைமணி நேரத்தை இசைக்கே விட்டுவையுங்கள்; கணிதமும் அங்கு வந்து சேரும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.