பேரம் பேசத் தெரியாதவனுக்கு அபராதமா?

மாட்டுச் சந்தையில் தரகர்கள் விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கைகளின் மேல் ஒரு துண்டு. துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேரம். என்ன விலைக்குப் படிந்தது என்பது அந்த இரண்டு பேருக்குத்தான் வெளிச்சம். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. அமெரிக்காவின் கார் ஷோரூமும் இதே கதைதான். துண்டுக்குப் பதில் கண்ணாடிக் கட்டடம், ஏசி, இலவச காபி. அவ்வளவுதான் வித்தியாசம்!

"அமெரிக்காவில் எல்லாவற்றுக்கும் ஒரே விலை, பேரமே கிடையாது" என்று இங்கே பலர் நம்புகிறார்கள். சோப்புக்கும் சட்டைக்கும் அது சரி. வீட்டுக்கு அடுத்தபடியாக ஒரு குடும்பம் பெரிய தொகை கொடுத்து வாங்குகிற காருக்கு மட்டும் சரியில்லை. 1958-ல் வந்த சட்டப்படி ஒவ்வொரு புதுக் காரின் ஜன்னலிலும் விலைச்சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். சட்டத்தைக் கொண்டுவந்த செனட்டர் மைக் மன்ரோனியின் பெயரையே அந்தச் சீட்டுக்கும் வைத்துவிட்டார்கள். ஆனால் அதில் இருப்பது தயாரிப்பாளர் "பரிந்துரைக்கும்" விலை. டீலர் அதற்குக் கீழேயும் விற்கலாம், மேலேயும் விற்கலாம். சிப் தட்டுப்பாடு வந்த 2021-ல் பல டீலர்கள் மேலேதான் விற்றார்கள்.

சரி, யார் கீழே வாங்குகிறார்கள், யார் மேலே வாங்குகிறார்கள்? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

இயன் அயர்ஸ் என்ற சட்டப் பேராசிரியர் சிகாகோ பகுதி டீலர்களிடம் ஒரு சோதனை நடத்தி, முடிவை 1991-ல் வெளியிட்டார். கார் வாங்குவது போலச் சிலரை அனுப்பினார். எல்லோருக்கும் ஒரே பயிற்சி, ஒரே பேர முறை. வேறுபட்டது நிறமும் பாலினமும் மட்டும்தான். அடக்க விலைக்கு மேல் டீலர் வைத்த லாபம் என்ன ஆயிற்று தெரியுமா? வெள்ளை ஆணைவிட வெள்ளைப் பெண்ணிடம் 40 சதவீதம் அதிகம். கறுப்பின ஆணிடம் இரண்டு மடங்குக்கு மேல். கறுப்பினப் பெண்ணிடம் மூன்று மடங்குக்கு மேல்!

"பேரம் ஒரு திறமை, திறமை உள்ளவன் குறைவாகக் கொடுக்கிறான்" என்று வாதிடுகிறவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? இந்தச் சோதனையில் திறமை எல்லோருக்கும் ஒன்றுதான். மாறியது முகம். முகத்தைப் பார்த்துப் போடுகிற விலைக்குச் சந்தை விலை என்று பெயர் வைக்கலாமா?

அடுத்தது தவணை வித்தை. "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்பது விற்பனையாளரின் பிரியமான கேள்வி. 30,000 டாலர் கடன், 6 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 மாதத்தில் கட்டினால் மாதம் சுமார் 580 டாலர். 84 மாதமாக நீட்டினால் சுமார் 438 டாலர். மாதம் 142 டாலர் குறைந்ததே என்று வாடிக்கையாளர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார். மொத்த வட்டி சுமார் 4,800-லிருந்து 6,800 டாலராக ஏறியதைக் கவனிக்க மாட்டார். பி.காம் படிக்கிற பிள்ளைக்குக் கால்குலேட்டரும் ஐந்து நிமிடமும் கொடுத்தால் கண்டுபிடித்துவிடும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தைத்தான் ஷோரூம் கொடுப்பதில்லை. "மேனேஜரிடம் கேட்டு வருகிறேன்" என்று உள்ளே போய் வருவது, மூன்று மணி நேரம் உட்கார வைப்பது, கடைசியில் இன்னொரு அறையில் கூடுதல் வாரண்டி, பெயின்ட் பாதுகாப்பு என்று அடுக்குவது... எல்லாமே ஆளைக் களைப்படைய வைக்கத்தான்.

இதற்கு மருந்து ரொம்பச் சாதாரணமானது. ஷோரூமுக்குள் உட்கார்ந்து விலை பேசாமல் இருப்பது!

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் பேராசிரியர் புரூஸ் புவேனோ டி மெஸ்கிட்டா, 2009-ல் வெளிவந்த தன் நூலில் இந்த வழியை விளக்கியிருக்கிறார். என்ன மாடல், என்னென்ன வசதிகள் என்று முதலில் துல்லியமாக முடிவு செய்ய வேண்டும். பிறகு சுற்றுவட்டாரத்தில் உள்ள எல்லா டீலர்களுக்கும் போன் செய்து ஒரே விஷயத்தைச் சொல்ல வேண்டும்: இன்று மாலை 5 மணிக்கு இந்தக் கார் வாங்கப்படும், யார் குறைந்த விலை சொல்கிறாரோ அவரிடம்தான், வரி உட்பட மொத்த விலை வேண்டும், அந்தத் தொகைக்குத்தான் செக் எழுதப்படும், வேறு செக் கையில் இருக்காது. அவ்வளவுதான். கடைசி நிமிடத்தில் ஒரு கட்டணத்தை நுழைக்கலாம் என்றால் அதற்குக் கொடுக்கச் செக் இல்லையே!

இதில் புதுமை ஒன்றும் கிடையாது. இது டெண்டர். ஒரு அரசு அலுவலகம் பத்து நாற்காலி வாங்குவதற்கே மூன்று கொட்டேஷன் கேட்கிறது. 30,000 டாலர் கொடுக்கிறவன் கேட்கக் கூடாதா? போனைவிட மின்னஞ்சல் இன்னும் நல்லது. எழுத்தில் வந்த விலையை "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று மாற்ற முடியாது. மொத்த விலை என்றால் தமிழ்நாட்டில் ஆன்-ரோடு விலை என்பார்களே, அது. பழைய காரை மாற்றுவதையும் கடனையும் இந்தப் பேச்சில் கலக்கவே கூடாது. கடனுக்கு வங்கியிடம் முன்பே அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

இப்படி வாங்கினால் அநியாயம் குறையுமா? குறைகிறது. ஃபியோனா ஸ்காட் மார்ட்டன், ஃப்ளோரியன் ஜெட்டல்மேயர், ஜார்ஜ் சில்வா-ரிஸோ ஆகிய மூவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. நேரில் வாங்கும்போது கறுப்பின, ஹிஸ்பானிய வாடிக்கையாளர்கள் சுமார் 2 சதவீதம் அதிகம் கொடுத்தார்கள். இணையம் வழியாக விலை கேட்டு வாங்கியவர்களிடம் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துபோனது. முகம் தெரியாத இடத்தில் முகத்துக்கு விலை போட முடியவில்லை!

எதிர்வாதங்கள் வரும். ஓட்டிப் பார்க்காமல் எப்படி வாங்குவது? ஓட்டிப் பார்க்கலாமே, யார் தடுத்தது? ஒரு நாள் போய் ஓட்டிவிட்டு, விலை பேசாமல் வீடு திரும்ப வேண்டும். அவ்வளவுதான். பேரமில்லா விலை என்று சொன்ன சாட்டர்ன் கம்பெனி தோற்றுப் போகவில்லையா? ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய சாட்டர்ன் 1990-ல் விற்பனையைத் தொடங்கி 2010-ல் மூடப்பட்டது உண்மை. ஆனால் 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸே திவாலாகி, பேரம் பேசி விற்ற போன்டியாக்கையும் மூடியது. அதற்கும் பேரமின்மைதான் காரணமா? விற்பனையாளர்கள் பிழைப்பு என்ன ஆவது என்பது நியாயமான கேள்வி. கமிஷனை நம்பி வாழ்கிறவர் அவர், தவறு அவருடையது மட்டுமல்ல. ஆனால் ஒருவரின் பிழைப்பு இன்னொருவரின் அறியாமையில் நிற்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

வாங்குகிறவர் மட்டும் சாமர்த்தியமாக இருந்தால் போதாது, சட்டமும் மாற வேண்டும். தயாரிப்பாளர்களின் மிரட்டலிலிருந்து சிறு டீலர்களைக் காப்பதற்காகப் பல மாநிலங்கள் போட்ட சட்டங்கள், இன்று டீலர்களை வாடிக்கையாளரிடமிருந்து காக்கின்றன. டெஸ்லா 2022 முதல் டெக்சாஸின் ஆஸ்டினில் கார் தயாரிக்கிறது. ஆனால் அதே டெக்சாஸில் சொந்தக் கடை வைத்து விற்க அனுமதியில்லை! 2023 டிசம்பரில் மத்திய வர்த்தக ஆணையம், மொத்த விலையை மறைக்கக் கூடாது, பயனில்லாத பொருளைத் தலையில் கட்டக் கூடாது என்று ஒரு விதி கொண்டுவந்தது. டீலர்கள் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. விதி போட்ட முறையில் குறை இருக்கிறது என்று 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

மொத்த விலையை முன்கூட்டியே சொல் என்பதை எதிர்த்து ஒரு தொழில் வழக்குப் போடுகிறது என்றால், அதன் லாபம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் அமேசானில் ஹூண்டாய் டீலர்களே விலையைப் போட்டு, பேரமில்லாமல் விற்கத் தொடங்கினார்கள். முடியாது என்பதெல்லாம் சாக்கு. துண்டை எடுத்துவிட்டு விரலைக் காட்டச் சொல்வதுதான் கோரிக்கை. அதற்குத் தயங்குகிற கடையில் எதற்காகக் கார் வாங்க வேண்டும்?