மூன்று மைல் ஓடுதளம் வீம்புக்கா, விமானத்துக்கா?

"ஒரு விமானம் ஏறி இறங்க மூன்று மைல் நீளத்துக்குப் பாதையா? எல்லாம் ஊர்ப் பெருமைக்குக் கொட்டுற காசு, சார்!"

மின்சார ரெயிலில் பக்கத்தில் இருந்தவர் இப்படி அலுத்துக்கொண்டார். பலருக்கும் இந்த எண்ணம்தான். ஆனால் அது முழு உண்மை அல்ல.

அமெரிக்காவில் டென்வர் நகரம் இருக்கிறது. அங்கே 2003-ல் திறந்த ஓடுதளத்தின் நீளம் 16 ஆயிரம் அடி. மூன்று மைலுக்கும் கொஞ்சம் அதிகம்! நம் மீனம்பாக்கத்தில் பெரிய ஓடுதளம் 12 ஆயிரம் அடிதான். பெங்களூரிலோ 13 ஆயிரம் அடிக்கு மேல். ஏன் இந்த வித்தியாசம்?

காற்றுதான் காரணம்

சென்னை கடலோரம். பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 3 ஆயிரம் அடி. டென்வர் 5,400 அடி. மேலே போகப் போகக் காற்று இளைத்துப் போகும். விமானத்தைத் தூக்குவது இறக்கையின் மேல் பாயும் காற்று. காற்று இளைத்தால் அதிக வேகத்தில் ஓடினால்தான் தூக்கும். எஞ்சினுக்கும் காற்று போதாமல் இழுவை குறையும். ஆக, ஓட வேண்டிய தூரம் நீளுகிறது.

திபெத்தில் பங்டா விமான நிலையம் 14 ஆயிரம் அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அங்கே கட்டிய ஓடுதளம் 18 ஆயிரம் அடி!

வெயிலும் இதே வேலையைச் செய்யும். சூடான காற்றும் இளைத்த காற்றுதான். தூர தேசத்துக்குப் போகும் விமானம் என்றால் எரிபொருள் சுமை வேறு. அதோடு, கிளம்புகிற வேகத்தில் எஞ்சின் மக்கர் செய்தால் பிரேக் போட்டு நிறுத்தவும் பாதை மிச்சம் இருக்க வேண்டாமா?

லே காட்டிய பாடம்

லடாக்கில் உள்ள லே விமான நிலையம் 10,600 அடி உயரத்தில், மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. ஓடுதளம் சுமார் 9 ஆயிரம் அடி. 2024 ஜூலைக் கடைசியில் அங்கே வெயில் கொளுத்தியது. விமானங்கள் ரத்து! பிரயாணிகள் தவித்துப் போனார்கள். குளிருக்குப் பேர்போன ஊரில் வெயிலால் விமானம் நின்றது என்றால் நம்ப முடிகிறதா? ஆனால் நிறுத்தியதே சரி. பாதை போதாத நாளில் சுமையைக் குறை, இல்லாவிட்டால் கிளம்பாதே. இதுதான் நியாயம்.

நீளம் மட்டும் போதுமா?

போதாது. 2020 ஆகஸ்ட் 7. கோழிக்கோட்டில் கொட்டும் மழை. துபாயிலிருந்து வந்த விமானம் பின்காற்றோடு இறங்கியது. 8,858 அடி ஓடுதளத்தில் பாதி தூரம் போன பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. குன்றை வெட்டி அமைத்த தளம் அது. ஓடுதளத்தைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து உடைந்தது விமானம். 21 பேர் பலி!

எவ்வளவு நீளம் போட்டாலும் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காவிட்டால் ஆபத்துதான். அப்படித் தப்பு நடந்தாலும் உயிர் தப்ப, பாதை முடிகிற இடத்தில் பள்ளம் இல்லாத வெற்றுத் தரை வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்கு அது சும்மா கிடக்கிற நிலம். உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு அதுதான் உயிர்.

ஆகவே நீளமான ஓடுதளத்தைக் கேலி செய்ய வேண்டாம். அதே சமயம் அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. ஓடுதளம் ஆகாயத்தில் போடுவதல்ல. அதற்கு யாரோ ஒருவருடைய வயலும் வீடும் போகிறது. "வளர்ச்சி" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். இந்த உயரம், இந்த வெயில், இந்தச் சுமை, அதனால் இத்தனை அடி என்று கணக்கை அவர் முன்னால் வையுங்கள். "நாட்டிலேயே நீளமானது" என்று போர்டு மாட்டுவதற்காக ஓர் அடிகூட எடுக்காதீர்கள். உயிரைக் காக்கத் தேவையான அடியில் ஒன்றைக்கூடக் குறைக்காதீர்கள்.

நிலம் கொடுக்கிறவருக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டு. விமானத்தில் ஏறுகிறவருக்கும் உண்டு!