இரவு ஒன்பது மணிக்கு ஒரு தடவை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்



நாங்கள் ஹைதராபாத் திருமுல்கேரியில் அடுத்தடுத்த தெருக்களில் வசிக்கும் சில தமிழ்க் குடும்பத்தார். எங்களில் சிலருடைய முப்பாட்டன்மார் மதராஸ் படையோடு இந்தக் கண்டோன்மெண்டுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். சிலர் போன வருஷம் கம்ப்யூட்டர் வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர்கள். சங்கம், தலைவர், செயலாளர் என்று எதுவும் எங்களுக்குக் கிடையாது. வீட்டு இன்டர்நெட் சரியில்லை என்று மாடிக்கு மாடி புலம்பிக்கொண்டிருந்தவர்கள் ஒரு நாள் ஒன்றாக உட்கார்ந்தோம், அவ்வளவுதான்.

திருமுல்கேரி, லால் பஜார், கார்கானா, போலாரம் பக்கம் குடியிருக்கும் உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. பதினாலு நாள், நாளுக்கு மூன்று தடவை, உங்கள் வீட்டு நெட் ஸ்பீடை முறையாக அளந்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். காலை ஏழு மணி, மதியம் மூன்று மணி, இரவு ஒன்பது மணி. கஸ்டமர் கேரில் சண்டை போடுவது, கம்பெனியை மாற்றுவது, அதிக விலை பிளானுக்குப் போவது எல்லாம் அதற்குப் பிறகு இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்பதற்கு எங்கள் தெரு டீச்சரம்மா கதையைச் சொல்கிறோம். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மதுரையிலும் நாகர்கோவிலிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு ராத்திரி எட்டு மணிக்கு ஆன்லைனில் டியூஷன் எடுக்கிறார். பாதிக் கணக்கில் படம் நின்றுவிடும். "கேக்குதா கண்ணு? கேக்குதா?" என்று அவர் கேட்கிற சத்தம் எதிர்வீடு வரைக்கும் வரும். 100 எம்பிபிஎஸ் பிளானை 200 ஆக்கினார். மாசா மாசம் கூடுதல் பணம் போனது, படம் நிற்பது மட்டும் நிற்கவில்லை. நம்மை ஏமாற்றுகிறார்கள் என்று அவருக்கு ஒரே மனக்கஷ்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேர் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். அது பழைய காலத்துக் கல் கட்டிடம், சுவர் ஒன்றரை அடி கனம். ரவுட்டர் முன் ஹாலில் டி.வி.க்குப் பின்னால் இருந்தது. அவர் பாடம் எடுப்பது கடைசி அறையில். அங்கே போனில் பார்த்தால் 9 வந்தது. ரவுட்டருக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தால் 88. வைஃபையை விட்டுவிட்டு லேப்டாப்பை ரவுட்டரோடு வயரில் இணைத்தோம். 94 வந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் 94தான். 200க்குக் காசு கட்டுகிற வீட்டில் 94 ஏன்?

எங்களில் ஒருவர் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். கம்பெனியின் ஃபைபர் பெட்டியிலிருந்து ரவுட்டருக்கு வரும் வயரின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்தக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் முனைக்குள் எட்டுக் கம்பி இருக்க வேண்டும். நாலுதான் இருந்தது. நாலு கம்பி வயரில் 100க்கு மேல் போகவே போகாது. அந்த நூறிலும் தகவலைக் கட்டி அனுப்புகிற உறைக்கென்று கொஞ்சம் கழிந்து 94, 95தான் கையில் நிற்கும். சில விலை குறைந்த ரவுட்டர்களின் துளையே 100க்கு மட்டும் செய்யப்பட்டது. அதிலும் இதே எண்தான் வரும். உங்கள் வீட்டில் பெரிய பிளான் இருந்தும் 94இலேயே நிற்கிறது என்றால் முதலில் வயரையும் துளையையும் பாருங்கள். புது வயர் போட்டதும் டீச்சரம்மா வீட்டில் 190 வந்தது.

அதோடு விஷயம் முடியவில்லை. அதே ரவுட்டரில், அதே எட்டுக் கம்பி வயரில், ராத்திரி ஒன்பது மணிக்குப் பார்த்தபோது 38தான் இருந்தது. அடுத்த நாளும் அப்படியே. இதற்குச் சுவரும் காரணமில்லை, வயரும் காரணமில்லை. அதே கம்பெனி லைன் உள்ள மற்ற நாலு வீட்டிலும் ஒன்பது மணிக்கு அளந்தோம். எல்லா வீட்டிலும் அதே சரிவு. பன்னிரண்டு நாள் எழுதிய ஐந்து நோட்டுகளையும் படம் எடுத்து ஒரே புகாராகக் கொடுத்தோம். அதற்கு முன்பு ஆளுக்கொரு தடவை போன் செய்தபோதெல்லாம் "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றவர்கள், இந்தத் தடவை ஆள் அனுப்பினார்கள். தெரு முனைப் பெட்டியில் எங்கள் லைனை வேறு இணைப்புக்கு மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது ஒன்பது மணிக்கு 150க்குக் குறைவதில்லை. வீட்டுக்குள்ளே இருந்த குறை எது, வெளியே இருந்த குறை எது என்று அந்த நோட்டுகள்தான் பிரித்துக் காட்டின.

ராத்திரி மட்டும் ஏன் குறைகிறது என்று பலர் கேட்கிறார்கள். இப்போது பெரும்பாலான வீடுகளுக்கு வருவது ஜிபான் என்ற வகை ஃபைபர். கம்பெனி நிலையத்திலிருந்து ஒரே ஒரு கண்ணாடி இழை கிளம்புகிறது. அது வழியில் பிரிந்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகிறது. அந்த இழை மொத்தமாகச் சுமப்பது விநாடிக்குச் சுமார் 2.5 ஜிகாபிட். மதியம் மூன்று மணிக்கு அதில் பத்து வீடுகூட உட்கார்ந்திருக்காது. ஒன்பது மணிக்கு எல்லா வீட்டிலும் சினிமா, கிரிக்கெட், பிள்ளைகளின் விளையாட்டு. நிலையத்துக்கு அப்பால் கம்பெனி வாங்கி வைத்திருக்கிற பாதையும் அதே நேரத்தில்தான் நிரம்புகிறது. அதனால்தான் ஒன்பது மணி அளவை விடாதீர்கள் என்கிறோம். மூன்றில் எது தவறினாலும் அது மட்டும் தவறக் கூடாது.

அளக்கும்போது வரும் எண்களைப் பற்றி. பிளானில் எழுதியிருப்பது மெகாபிட். நாம் படம் இறக்கும்போது திரையில் ஓடுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆக 100 எம்பிபிஎஸ் லைனில் விநாடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். 12 என்று பார்த்துவிட்டு "நூறுக்குக் காசு வாங்கிக்கொண்டு பன்னிரண்டு கொடுக்கிறான்" என்று லைன்மேன் தம்பியைத் திட்டிய பெரியவர் எங்கள் தெருவிலேயே உண்டு. அந்தப் பையன் பேசாமல் கேட்டுக்கொண்டு போனான். அவனுக்கும் இந்தக் கணக்கை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பெரியவர் பிறகு அவனைக் கூப்பிட்டு வருத்தம் தெரிவித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இறங்கும் வேகத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஏறும் வேகம் தனி எண். டீச்சரம்மாவின் முகமும் கரும்பலகையும் மதுரைக்குப் போவது அந்த வழியில்தான். மூன்றாவது எண் பிங். நாம் கேட்டது போய்ப் பதில் திரும்ப எத்தனை மில்லிவிநாடி ஆகிறது என்பது. பேச்சு இடறுவது பெரும்பாலும் இதனால்தான். ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு போன் பெரிய வீடியோ ஒன்றை ஏற்றிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றில் பிங் பாருங்கள். சும்மா இருக்கையில் 5, 6 என்று இருந்தது 200, 300க்குத் தாவினால், ரவுட்டரில் தகவல் வரிசை கட்டித் தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். அந்த வீட்டுக்குப் பெரிய பிளான் வாங்குவதால் பெரிய பலன் இராது. டியூஷன் நேரத்தில் போன்கள் தாமாகவே படங்களை மேலே ஏற்றுவதை நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

எந்த ஊர் சர்வரோடு அளக்கிறோம் என்பதும் முக்கியம். ஸ்பீட்டெஸ்ட் செயலி தானாகவே மிக அருகில் உள்ளதைத் தேர்ந்தெடுக்கும். பல சமயம் அது உங்கள் கம்பெனியின் சொந்த சர்வராகவே இருக்கும். வீட்டிலிருந்து அவர்கள் நிலையம் வரைக்குமான பாதைக்கு அது சரியான சாட்சி, அதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. எனவே ஹைதராபாத்தோடு ஒன்று, சென்னையோடு ஒன்று, சிங்கப்பூரோடு ஒன்று என்று எடுங்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னைக்குப் போய்த் திரும்ப நியாயமாக 15, 20 மில்லிவிநாடி போதும். 80 காட்டினால் உங்கள் தகவல் வேறெங்கோ சுற்றிவிட்டுப் போகிறது.

2025 செப்டம்பரில் ஜெட்டா அருகே செங்கடலில் கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவிலும் வெளிநாட்டுத் தளங்கள் இழுத்தன. ஹைதராபாத் அளவு நன்றாக இருந்து வெளிநாட்டு அளவு மட்டும் விழுந்தால், தெருவில் வேலை செய்கிற ஆளைக் கோபிப்பதில் அர்த்தமில்லை.

ஏதாவது விதி இருக்கிறதா என்றால், இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006இல் போட்ட தர விதிகளிலேயே, கம்பெனியின் முனையிலிருந்து வாடிக்கையாளர் வரை சொன்ன வேகத்தில் 80 சதவீதத்துக்கு மேல் கிடைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. பழைய விதிகளை ஒன்றாக்கிய புதிய விதிமுறை 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ள இருக்க வேண்டிய குறைந்த வேகத்தை 2023 ஜனவரியில் 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ் ஆக்கினார்கள். இரண்டு எம்பிபிஎஸ்! 2017 மார்ச்சிலேயே வீடுகளுக்கு 1 ஜிபிபிஎஸ் தருகிறோம் என்று ஏசிடி ஃபைபர்நெட் அறிவித்தது இதே ஹைதராபாத்தில்தான். விளம்பரத்தில் வருகிற ஆயிரத்துக்கும் சட்டத்தில் இருக்கிற இரண்டுக்கும் நடுவே "வரை" என்று ஒரு சின்ன வார்த்தை உட்கார்ந்திருக்கிறது. "200 எம்பிபிஎஸ் வரை" என்றுதான் பிளானில் இருக்கும், போய்ப் பாருங்கள்.

பிரிட்டனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் நடைமுறை விதியில் சேர்ந்த கம்பெனிகள், இணைப்பு கொடுக்கும் முன்பே உறுதியான குறைந்தபட்ச வேகத்தை எண்ணாகச் சொல்ல வேண்டும். அதற்குக் கீழே போய் 30 நாளில் சரிசெய்யாவிட்டால் வாடிக்கையாளர் அபராதமில்லாமல் விலகலாம். அமெரிக்காவில் 2011 முதல், விருப்பப்பட்டு முன்வந்த வீடுகளில் ஒரு சின்னப் பெட்டியை வைத்து, அரசின் ஆணையமே வேகத்தை அளந்து வெளியிட்டது. நமக்கு அந்தப் பெட்டி வருகிற வரை நோட்டும் பேனாவும் இருக்கிறது.

புகார் கொடுக்கும்போது டாக்கெட் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். அது இல்லாமல் அடுத்த படி ஏற முடியாது. தீர்வு வராவிட்டால் அதே கம்பெனிக்குள் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் இருக்கிறார். முறையீடு 39 நாளில் முடிய வேண்டும் என்று 2012ஆம் ஆண்டு விதி சொல்கிறது. டிராய் தனி ஆள் புகாரை எடுத்துத் தீர்ப்பதில்லை. அங்கே எழுதிவிட்டுக் காத்திருந்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். நுகர்வோர் உதவி எண் 1915, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறோம், நெட் வரவில்லை என்று கம்பத்தில் தொங்கும் கேபிளை யாரும் தொடவோ இழுக்கவோ வேண்டாம். 2025 ஆகஸ்டில் ராமந்தாபூரில் கிருஷ்ண ஜெயந்தித் தேர் இழுத்தவர்கள் மேல் மின்சாரம் பாய்ந்து ஐந்து பேர் உயிர் போனது. அதற்குப் பிறகு கம்பங்களிலிருந்து கேபிள்களை மின்வாரியம் வெட்டி இறக்கியதில் நகரம் முழுக்கப் பல வீடுகளில் நெட் நின்றது. நமக்கெல்லாம் அது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஐந்து வீடுகளையும் நினைத்தால் அந்தக் கஷ்டத்தைப் பெரிதாகப் பேச வாய் வரவில்லை. உங்கள் வீட்டுக்கு வரும் லைன் தலை தட்டும் உயரத்தில் தொங்கினால் அதையும் நோட்டில் எழுதுங்கள், புகாரில் அதை முதல் வரியாகச் சேர்ப்போம்.

இன்னொன்று. வேகத்தை அளக்க ஓடிபி தேவையில்லை, ஆதார் எண் தேவையில்லை, பணம் தேவையில்லை. "உங்கள் ஸ்பீடைக் கூட்டித் தருகிறோம், இந்தச் செயலியை இறக்குங்கள்" என்று யாராவது போனில் சொன்னால் உடனே வைத்துவிடுங்கள். எங்கள் ஆட்கள் யாரும் போன் செய்ய மாட்டார்கள், நேரில்தான் வருவார்கள். கூட்டுப் புகாருக்காக நோட்டிலிருந்து எழுதி நீங்கள் எங்களிடம் தருகிற தாளில் தெருப் பெயர், பிளான், தேதி, நேரம், வயரா வைஃபையா, மூன்று எண்கள் இவை போதும். வாடிக்கையாளர் எண்ணையும் போன் நம்பரையும் எழுதாதீர்கள்.

தமிழ், தெலுங்கு, உருது எதில் எழுதினாலும் சரி. பக்கத்து வீட்டு ரெட்டிகாருவையும் மாடியில் இருக்கும் பாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் வீட்டுக்கும் அதே இழையிலிருந்துதான் பிரிந்து போகிறது.

இதெல்லாம் நமக்குப் புரியாது என்று நினைக்கிற பெரியவர்கள், தனியாக இருக்கிற அம்மாமார்கள் கூச்சப்படாமல் சொல்லி அனுப்புங்கள். லேப்டாப்பும் எட்டுக் கம்பி வயரும் நாங்களே கொண்டு வருவோம். ரவுட்டர் பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்டை மட்டும் காலியாக வைத்திருங்கள். டீச்சரம்மாவும் கூட வருகிறேன் என்கிறார், எட்டு மணி டியூஷன் முடிந்த பிறகு.

திருமுல்கேரி குடியிருப்போர் சிலர்